பொட்டலத்தில் வந்த என்ஜின்

ஆணியில் தொங்கும் கேள்வி

சுங்கை பூலோவில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையை நினைத்துக்கொள்வோம். ஜன்னலோரச் சுவரில் ஓர் ஆணி. அதில் கொத்தாக ரப்பர் பேண்டுகள். காலையில் நாசி லெமாக் பொட்டலத்தைச் சுற்றி வந்தது ஒன்று. மாலையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த தே தாரிக்கோடு வந்தது இன்னொன்று. காசு கொடுத்து வாங்கியவை இல்லை. ஆனாலும் தூக்கிப்போட யாருக்கும் மனம் வருவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஓர் ஆணி இருக்கிறது.

பள்ளி விடுமுறை. அந்த வீட்டின் எட்டு வயது மகள் ஒரு பேண்டை எடுத்து இழுக்கிறாள், விடுகிறாள், மறுபடி இழுக்கிறாள்.

"இழுத்து விட்டா ஏன்ப்பா பழையபடி ஆயிடுது?"

"அது ரப்பரும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அப்பா கைப்பேசிக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அவள் விடுவதாக இல்லை. காகிதத்தை இழுத்தால் கிழிகிறது. பிளாஸ்டிசின் களிமண்ணை இழுத்தால் இழுத்தபடியே கிடக்கிறது. சட்டைத் துணி கொஞ்சம் கொடுக்கும், அதற்கு மேல் வராது. இந்த ஒன்று மட்டும் ஐந்தாறு மடங்கு நீண்டு, விட்ட நொடியில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. உள்ளே இருந்து எது அதை இழுக்கிறது?

நல்ல கேள்வி. ஆராய்ச்சி உலகமே ஒரு நூற்றாண்டுக்கு மேல் விடை தெரியாமல் வைத்திருந்த கேள்வி. 1805-ல் இங்கிலாந்தில் ஒருவர் ரப்பரிடம் ஒரு விசித்திரத்தைக் கண்டு எழுதிவைத்தார். அதற்குச் சரியான விளக்கம் 1930-களில்தான் கிடைத்தது. அந்த விளக்கத்தை ஓர் எட்டு வயதுப் பிள்ளையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஆணியில் தொங்கும் பேண்டுகளைக் கொண்டே தொட்டுப் பார்த்துவிட முடியும். அதற்கு முதலில் ஒரு வண்டி செய்ய வேண்டும்.

பெயரில் மூங்கில், மண்ணில் ரப்பர்

மலாய் மொழியில் 'சுங்கை' என்றால் ஆறு, 'பூலோ' என்றால் மூங்கில். ஊரின் பெயர் மூங்கிலாறு. 1930-ல் இங்கே தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பும், அதன் வழியில் வளர்ந்த பூச்செடி நாற்றங்கால்களும் இன்று பலருக்குத் தெரியும். ஆனால் ரப்பர் உலகுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்தால் பழக்கம். 1925-ல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இங்கேதான் இருந்தது. 'ஆர்.ஆர்.ஐ.' என்று ஊரார் வாயில் சுருங்கிய பெயர் அதுதான். எந்த மரத்தோடு எந்த மரத்தைச் சேர்த்தால் பால் கூடும் என்று ஆண்டுக்கணக்கில் நட்டு, வெட்டி, அளந்து பார்த்த கழகம் அது. அங்கே உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுவகை மலாயா எல்லை தாண்டித் தாய்லாந்துத் தோட்டங்களில் பெருமளவில் பரவியது.

அந்தத் தோட்டம் இப்போது பெருமளவு இல்லை. ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணை நிறுவனம் 2,330 ஏக்கரில் எழுப்பும் குவாசா டாமன்சாரா நகரம் அந்த நிலத்தில்தான் வளர்கிறது. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. ரயில் சுங்கை பூலோவிலிருந்து முதல் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது, பால்மரங்கள் நின்ற மண் வழியாகத்தான் சென்றது.

மகளின் பாட்டி பால்மரம் வெட்டியவர் என்று வைத்துக்கொண்டால் தவறாகாது. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறை பின்னே போனால் எங்காவது ஒரு தோட்டம் வந்துவிடும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்குப் போய், உளியால் பட்டையைச் சாய்வாகச் சீவி, மங்கு என்ற கிண்ணத்தில் பால் வடியவிட்ட கைகள் அவை. விடியற்காலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரவெல்லாம் மரம் நீரை இழுத்து வைத்திருக்கும். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அப்போதுதான் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், பாலும் மெதுவாகும்.

அந்தப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பங்கு தண்ணீர். ஆசிட் கலந்தால் தயிர் உறைவதுபோல் ரப்பர் திரளும்.

நூல்கட்டை வண்டி

வேண்டியவை கொஞ்சம். தையல் நூல் தீர்ந்துபோன காலிக் கட்டை ஒன்று. பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கமோ கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ ரவிக்கை தைப்பவரிடம் கேட்டால் கிடைக்கலாம். இரண்டு பக்கமும் விளிம்பு உள்ள கட்டையாக இருக்க வேண்டும். ஆணியிலிருந்து ஒரு ரப்பர் பேண்டு, கட்டையின் நீளத்துக்கு ஏறக்குறைய சமமாக. அரைத் தீக்குச்சி. கொஞ்சம் ஒட்டுநாடா. சாத்தே குச்சி ஒன்று. மெழுகுவத்தி ஒன்று.

மெழுகுவத்தியில் ஒரு விரல் தடிமனுக்கு ஒரு வில்லை வெட்ட வேண்டும். கத்தியைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டால் மெழுகு உடையாது. திரியை உருவிவிட்டு, சூடான ஆணியால் நடு ஓட்டையைப் பெரிதாக்கலாம். கத்தியும் சூடும் அப்பாவின் வேலை. சாத்தே குச்சியின் கூர்முனையை நறுக்கிவிடுவதும் அவர் பொறுப்பு. மற்றதெல்லாம் மகளின் கையில் இருப்பதே நல்லது. பேண்டைக் கட்டையின் துளைக்குள் நுழைத்து மறுபக்கம் எடுப்பது சுலபமில்லை. நான்கு முறை நழுவும். கை பரபரத்தாலும் பெரியவர் பிடுங்கிச் செய்துவிடக் கூடாத இடம் இது. ஐந்தாவது முறை அவளே ஒரு கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி இழுத்துவிடுவாள். அந்தக் கொக்கி அவள் கண்டுபிடித்த கருவி.

பேண்டின் ஒரு முனையில் அரைத் தீக்குச்சியைச் செருகி, கட்டையின் விளிம்போடு ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டும். மறுமுனையை மெழுகு வில்லையின் ஓட்டை வழியே வெளியே எடுத்து, சாத்தே குச்சியை அதில் செருக வேண்டும். குச்சியின் ஒரு பக்கம் கட்டையைத் தாண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். கட்டையைப் பிடித்துக்கொண்டு குச்சியைச் சுற்றினால் உள்ளே பேண்டு முறுக்கேறும். தரையில் வைத்தால் நீண்ட குச்சி தரையில் ஊன்றிக்கொள்ளும். குச்சி சுற்ற முடியாது. அதனால் கட்டை சுற்றும். வண்டி நகரும்.

அல்லது நகராது.

முதல் முறை பெரும்பாலும் நகராது என்பதே இந்த விளையாட்டின் சிறப்பு. "ஓடவே மாட்டேங்குதேப்பா!" என்று மகள் முகம் சுருங்கும்போது அப்பா திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எது சுத்துது, எது சுத்தல? பாரும்மா." குச்சி தலைகுப்புறச் சுற்றி மேலே வந்துவிட்டால் அது குட்டை, நீளமானது வேண்டும். கட்டை ஒரே இடத்தில் வழுக்கிச் சுழன்றால் மொசைக் தரையில் பிடிப்பில்லை. விளிம்புகளில் இன்னும் இரண்டு ரப்பர் பேண்டுகளை டயர்போல மாட்டலாம். எதுவுமே அசையாவிட்டால் பேண்டு மிகத் தடிமன். குச்சியை மெழுகோடு இறுக்கி அழுத்துகிறது. மெழுகு வில்லை அங்கே இருப்பதே குச்சி உராயாமல் வழுக்கிச் சுற்றத்தான். அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னால், உராய்வு என்ற சொல் புத்தகத்திலிருந்து இறங்கி விரலுக்கு வந்துவிடும்.

குப்பையிலிருந்து அறிவியல் செய்யும் இந்த வழியை இந்தியாவில் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்து, லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1978-ல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். கிராமப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கட்டும் என்று 1972-ல் தொடங்கிய திட்டம் அது. அங்கே அவர் கண்ணில் பட்டது சைக்கிள் வால்வுக் குழாய். அந்தச் சின்ன ரப்பர்க் குழாயைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளை இணைத்தார். நான்கு குச்சிச் சதுரம் தொட்டதும் சாய்ந்தது. மூன்று குச்சி முக்கோணம் எவ்வளவு அழுத்தியும் வடிவம் மாறவில்லை. பாலங்களும் மின்கோபுரங்களும் ஏன் முக்கோணங்களால் ஆனவை என்பது ஒரு பிள்ளையின் இரண்டு விரலுக்கு நடுவில் விளங்கிவிட்டது. பின்னாளில் புனேயில் வானியல் மையமான ஐயூகாவில் சிறுவர் அறிவியல் மையத்தை நடத்தினார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 'அஸ்தி' இயக்கம் நடத்தும் அறிவியல் விழாக்களில் பிள்ளைகள் தாங்களே ஒரு கேள்வியை எடுத்துச் சோதனை செய்து வந்து நிற்பதும் இதே பாதைதான்.

எவ்வளவு தூரம் ஓடும்?

வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. இனி ஒரு பந்தயம். முறுக்குவதற்கு முன்பே அது எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல முடியுமா?

முடியும். குச்சி தரையில் ஊன்றி நிற்பதால், பேண்டின் ஒவ்வொரு முறுக்கு அவிழும்போதும் கட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்குக் கட்டை எவ்வளவு நகரும்? அதன் விளிம்பைச் சுற்றி ஒரு நூலை வளைத்து, நூலை நீட்டி, அளவுகோலில் வைத்தால் தெரிந்துவிடும். டயரோடு சேர்த்து அது 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குச்சியை 20 சுற்றுச் சுற்றினால் வண்டி 200 சென்டிமீட்டர், அதாவது 2 மீட்டர் போக வேண்டும். மகள் தரையில் 2 மீட்டர் அளந்து ஒட்டுநாடாவால் கோடு போடுகிறாள். வண்டி ஊர்ந்து ஊர்ந்து 140-ல் நின்றுவிடுகிறது.

60 சென்டிமீட்டரைக் காணோம். திருடு போன தூரம்.

இந்த இடத்தில் பல வீடுகளில் ஆட்டம் முடிந்துவிடும். "கணக்கு வேற, நிஜம் வேற" என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். ஆனால் திருடன் வண்டிக்குள்ளேயே இருக்கிறான். வண்டியைத் தரையிலிருந்து தூக்கி, குச்சியைக் கையால் மெல்ல மெல்ல அவிழ்த்து எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து. பேண்டில் ஐந்து முறுக்கு இன்னும் பாக்கி. அவ்வளவு குறைவான முறுக்குக்குக் கட்டையைத் தள்ளும் பலமில்லை, உராய்வு ஜெயித்துவிட்டது. ஐந்து சுற்றுக்கு 50 சென்டிமீட்டர். இன்னும் 10 குறைகிறது. அது ஒரு சுற்று: கிளம்பும்போது முறுக்கு மிகப் பலமாக இருந்ததால் கட்டை ஒரு சுற்று வழுக்கியிருக்கிறது. காணாமல்போன 60-க்கும் கணக்கு வந்துவிட்டது.

இப்போது அடுத்த கேள்வி. 40 சுற்று முறுக்கினால் 140-க்கு இரு மடங்காக 280 சென்டிமீட்டர் போகுமா? மகள் தாளில் எழுதிப் பார்க்கிறாள். நாற்பதில் கடைசி ஐந்து எப்படியும் பாக்கி நிற்கும். அவள் எழுதுவது: "350க்குக் கிட்ட." ஏன் 280 இல்லை என்று கேட்டால், "அந்த அஞ்சு ரெண்டு வாட்டி வராதுல்ல" என்கிறாள். வண்டி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால் அந்த மாலை முழுக்க வீட்டில் வேறு பேச்சு இருக்காது. நிற்காவிட்டாலும் பேச்சு இருக்கும்: வழுக்கல் கூடியதா, பேண்டு முடிச்சு விழுந்து மெழுகை இறுக்கியதா?

உதட்டில் ஒரு வெப்பமானி

வண்டியை ஓட்டியது எது? மகளின் கை தந்த வலு பேண்டில் போய் உட்கார்ந்திருக்கிறது, அது திரும்பி வந்து ஓட்டியது என்று தோன்றும். அந்த வலு எங்கே உட்கார்ந்திருந்தது என்பதுதான் முதல் கேள்வியின் முடிச்சு.

ஒரு தடித்த பேண்டை எடுத்து மேலுதட்டின் மீது வைத்துச் சட்டென்று நன்றாக இழுக்க வேண்டும். உதட்டில் மெல்லிய வெதுவெதுப்பு தெரியும். இழுத்தபடியே உதட்டை விட்டு விலக்கி அரை நிமிடம் பிடித்திருந்து, பின் சட்டென்று தளர்த்தி உடனே மறுபடி உதட்டில் வைத்தால், இப்போது குளிர்ச்சி. முதல் தடவை பிள்ளைகள் நம்புவதில்லை. பத்துத் தடவை செய்து பார்க்கிறார்கள்.

இதைக் கண்டு 1805-ல் வெளியிட்டவர் ஜான் கஃப். வட இங்கிலாந்தின் கெண்டல் என்ற ஊர்க்காரர். குழந்தையாக இருக்கும்போதே அம்மை கண்டு பார்வையை இழந்தவர். செடிகளைத் தொட்டும் முகர்ந்தும் பெயர் சொல்வார். அணுக் கொள்கைக்குப் பேர்போன ஜான் டால்டன் அவரிடம் பாடம் கேட்டவர். ரப்பரின் சூட்டை அவர் உணர்ந்ததும் உதட்டால்தான். இன்னொன்றையும் அவர் சொன்னார்: எடையைத் தொங்கவிட்டு நீட்டிய ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாது, சுருங்கும். இரும்பு சூட்டில் நீளும் என்பது தண்டவாள இடைவெளியைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ரப்பர் நேரெதிர். பேண்டில் ஒரு சின்ன எடையைத் தொங்கவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றைக் காட்டினால் எடை மெல்ல மேலேறுவதை வீட்டிலேயே பார்க்கலாம். 1859-ல் ஜேம்ஸ் ஜூல் இந்தச் சோதனைகளைத் துல்லியமாக அளந்து கஃப் சொன்னது சரி என்று காட்டினார். ஏன் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரப்பரோடு வேறொரு சூடு பழக்கம். வெயிலில் வெடித்துச் சிதறிய ரப்பர் கொட்டையைச் சிமெண்டில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் 'சுடு' வைப்பார்கள். அது உராய்வுச் சூடு. உதட்டில் தெரிந்த சூடு அந்த வகை இல்லை. உராய்வில் வந்த சூடு திரும்பிக் குளிராது, இது குளிர்கிறது.

இருபது காசும் தரை ஓடும்

ரப்பரின் உள்ளே இருப்பவை நீண்ட நீண்ட சங்கிலிகள். கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரே வகைக் கண்ணி ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. இப்படிப்பட்ட நெடுஞ்சங்கிலிப் பொருளைப் 'பலபடி' என்பார்கள். இத்தனை நீளமான மூலக்கூறு இருக்கவே முடியாது என்று வேதியியலாளர்கள் நம்பியிருந்த 1920-ல், இருக்கிறது என்று எழுதியவர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர். ஏளனத்துக்கும் எதிர்ப்புக்கும் பிறகு 1953-ல் நோபல் பரிசு வந்தது.

சங்கிலி என்றால் நேராக நீட்டிக் கிடக்கும் என்று நினைக்கக் கூடாது. மீ கோரெங் தட்டை நினைத்தால் போதும். அதுவும் அசையாத தட்டு இல்லை. ஒவ்வொரு கண்ணியும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. வெப்பம் என்பதே அந்தத் துடிப்புதான்.

துடிக்கும் சங்கிலி ஏன் சுருள வேண்டும்? இதற்கு வீட்டுத் தரை ஓடுகளும் ஓர் இருபது காசும் போதும். மகள் ஒரு ஓட்டில் நிற்கிறாள். காசைச் சுண்டுகிறாள். ஒரு பக்கம் விழுந்தால் ஒரு ஓடு முன்னே, மறுபக்கம் விழுந்தால் ஒரு ஓடு பின்னே. ஒவ்வொரு சுண்டலும் சங்கிலியின் ஒரு கண்ணி. நான்கு முறை சுண்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். நான்கும் முன்னே போவது அதில் ஒரே ஒரு விதம். கிளம்பிய ஓட்டிலேயே வந்து நிற்பது 6 விதம். பத்து முறை சுண்டினால் 1,024 விதங்கள்; பத்து ஓடு முன்னே போய் நிற்பது அப்போதும் ஒரே விதம், கிளம்பிய இடத்துக்குத் திரும்புவது 252 விதம். ஆயிரக்கணக்கான கண்ணி என்றால் நேராக நிற்கும் வாய்ப்பு இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ரப்பரை எதுவும் உள்ளே இருந்து கட்டி இழுக்கவில்லை. நீட்டிய சங்கிலிக்கு இருக்கும் வழிகள் கொஞ்சம், சுருண்ட சங்கிலிக்கு இருக்கும் வழிகள் கணக்கற்றவை. துடித்துக்கொண்டே இருப்பதால் அது எண்ணிக்கை அதிகமான பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்படிப் போகும்போது இரு முனைகளையும் பிடித்திருக்கும் விரல்கள் இழுப்பை உணர்கின்றன. இந்த 'வழிகளின் எண்ணிக்கை'யைத்தான் இயற்பியல் என்ட்ரோபி என்கிறது. தமிழில் 'கலைவு' என்று வைத்துக்கொள்ளலாம்.

கஃப் கண்ட விசித்திரமும் இப்போது அவிழ்கிறது. சூடாக்கினால் துடிப்பு கூடும், சங்கிலி இன்னும் பலமாகச் சுருளப் பார்க்கும், எடை மேலேறும். இரும்புச் சுருள்வில்லை நீட்டினால் கை தந்த ஆற்றல் அணுக்களின் பிணைப்பில் தங்கும். ரப்பரில் பெரும்பாலும் அப்படித் தங்குவதில்லை. நீட்டும்போதே அது வெப்பமாக உதட்டுக்கு வந்துவிடுகிறது. சுருங்கும்போது வேலை செய்யத் தேவையான ஆற்றலை ரப்பர் தன் துடிப்பிலிருந்தே எடுக்கிறது, அதனால் குளிர்கிறது, குளிர்ந்ததை அறையின் காற்று ஈடுகட்டுகிறது.

அப்படியென்றால் நூல்கட்டை வண்டி தரையில் ஊரும்போது அதைத் தள்ளுவதில் பெரும்பங்கு அந்தச் சமையலறையின் வெப்பம். முறுக்கிய கை வெப்பத்தை வெளியே தந்தது. ஓடும் வண்டி அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியப்பு குறையாத செய்தி இது.

பாட்டியின் பந்து

ஆனால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது மட்டும் போதாது. இழுத்தால் மீ இழைகள்போல் ஒன்றன்மேல் ஒன்று நழுவிப் போய்விடாதா?

போய்விடும். பாட்டிக்குத் தெரியும். "மங்குல ஒட்டிக்கிட்டிருக்கிற பால இழுத்து இழுத்து உருண்டையாச் சுத்தி பந்து விளையாடுவோம்" என்பார். ஒட்டுப்பால் பந்து அருமையாகத் துள்ளும். ஆனால் வெயிலில் பிசுபிசுக்கும், நாறும், ஓரிடத்தில் வைத்தால் நாளடைவில் தட்டையாகிவிடும். சங்கிலிகள் நழுவுகின்றன என்பதன் அடையாளம் அது.

இதைத் தீர்த்தது கந்தகம். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் விறைக்காமலும் இருப்பதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே ஆங்காங்கே பாலம் போட்டுவிடுகின்றன. பாலங்களுக்கு இடையே சங்கிலி தாராளமாகத் துடிக்கலாம், நீளலாம். நழுவி ஓடிவிட மட்டும் முடியாது. 1845-ல் லண்டனில் ஸ்டீபன் பெரி ரப்பர் பேண்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

அப்போது மலாயாவில் இந்த மரம் ஒன்றுகூட இல்லை. 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அங்கிருந்து பரவிய மரங்களைத் தேடித்தான் பாட்டியின் பாட்டி கப்பலேறினார்.

மேற்கூரையைத் தொட்ட பொம்மை

1878-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் பயணம் முடிந்து வீடு திரும்பினார். கைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தவர், பிள்ளைகள் பக்கம் அதை வீசினார். கீழே விழும் என்று பார்த்தால் அது படபடத்து மேலேறிக் கூரையை முட்டிவிட்டு விழுந்தது. மூங்கில், தக்கை, மெல்லிய காகிதம், உள்ளே முறுக்கிய ரப்பர். பிரான்சின் அல்போன்ஸ் பெனோ வடிவமைத்த பறக்கும் பொம்மை அது. இதே பெனோ 1871-ல் பாரிஸ் தூய்லரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கால் ஓடும் ஒரு சிறு விமானத்தைப் பதினொரு நொடி பறக்கவிட்டிருந்தார்.

பிள்ளைகள் இருவர், பின்னாளில் விமானம் செய்த ரைட் சகோதரர்கள்: வில்பருக்கு 11 வயது, ஆர்விலுக்கு 7. பொம்மை சீக்கிரமே பிய்ந்துபோனது. அவர்கள் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். சின்னதாகச் செய்தது பறந்தது. பெரிதாக்கப் பெரிதாக்கப் பறக்க மறுத்தது. நீள அகல உயரத்தை இரு மடங்காக்கினால் எட்டு மடங்கு சக்தி வேண்டியிருக்கும் என்பது அந்த வயதில் அவர்களுக்குத் தெரியாது. பின்னாளில் அவர்களே எழுதினார்கள்.

ஏன் எட்டு? ஒரு பகடைக்காயை இரு மடங்கு பெரிதாகக் கட்டப் பார்த்தால் புரியும். நீளத்துக்கு இரண்டு, அகலத்துக்கு இரண்டு, உயரத்துக்கு இரண்டு: எட்டுக் காய்கள் வேண்டும். அளவு இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு.

சுங்கை பூலோ வீட்டிலும் இது நடக்கத்தான் போகிறது. நூல்கட்டை வண்டி வென்ற மறுநாளே மகள் கேட்பாள்: "பெரிசா செய்யலாம்ப்பா." காலியான சுசு டின், இரண்டு பக்கமும் ஓட்டை. ஓரம் கையைக் கிழிக்கும், அதனால் ஓட்டை போடுவது அப்பா. ஒரே பேண்டு போட்டால் டின் அசையாது. எத்தனை பேண்டு வேண்டும் என்று அவளே கூட்டிக்கொண்டு போவாள், மூன்று, நான்கு. ஓடத் தொடங்கியதும் நூலால் சுற்றளவைப் பார்ப்பாள். ஒரு சுற்றுக்கு இப்போது 20 சென்டிமீட்டருக்கு மேல். குறைந்த முறுக்கில் நெடுந்தூரம், ஆனால் பாக்கி நிற்கும் முறுக்குகளும் அதிகம். மறுபடி எண்ண வேண்டும். மறுபடி ஒட்டுநாடாக் கோடு.

மூன்று வாரம் கழித்து

விடுமுறை முடிந்து வண்டி அலமாரி மேல் போய்விடுகிறது. முறுக்கை அவிழ்க்காமல் அப்படியே வைத்துவிட்டார்கள். ஒருநாள் எடுத்துச் சுற்றினால், பட். பேண்டு அறுந்துவிட்டது. அறுந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குறுக்கே மெல்லிய வெடிப்புகள். ஆணியில் தளர்வாகத் தொங்கும் பேண்டுகளில் அப்படி இல்லை.

காற்றில் மிகச் சிறிதளவு ஓசோன் இருக்கிறது. ரப்பர் சங்கிலியின் சில பிணைப்புகளை அது வெட்டிவிடும். தளர்ந்து கிடக்கும் ரப்பரில் வெட்டு மேற்பரப்போடு நிற்கும். நீண்டு நிற்கும் ரப்பரில் வெட்டுப்பட்ட இடம் வாய் பிளந்து, அடுத்த சங்கிலியை ஓசோனுக்குக் காட்டிக்கொடுக்கும்.

மகள் அதை நம்பவில்லை. இரண்டு புதிய பேண்டுகளை எடுத்திருக்கிறாள். ஒன்றை மைலோ டின்னைச் சுற்றி இறுக்கமாக மாட்டியிருக்கிறாள். மற்றது அதே டின்னின் மூடிமேல் சும்மா கிடக்கிறது. டின் ஜன்னலோரத்தில், வெயில் படும் இடத்தில். பக்கத்தில் ஒரு தாள். அதில் தேதியும், 'வெடிப்பு: இல்லை' என்று முதல் வரியும் மட்டும் எழுதியிருக்கிறது.